தராசுக்கு முத்திரை உண்டு, வேகக் கருவிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் வேதாளையில் நண்டும் கணவாயும் வாங்கி விற்கிறவன். முப்பது வருஷமாக இதே தொழில். காலையில் கரைக்கு வருவதை என் வாடியில், அதாவது கரையோரக் கொள்முதல் கொட்டகையில், எடை போட்டு வாங்கி, ஐஸ் அடித்து, வாரத்தில் மூன்று நாளாவது என் குட்டி யானையில் ஏற்றித் தூத்துக்குடிக் கம்பெனியில் இறக்கிவிட்டு வருவேன். டிரைவர் வைத்தால் கட்டுப்படியாகவில்லை. ஐம்பத்தாறு வயதிலும் நானேதான் ஸ்டியரிங் பிடிக்கிறேன். பத்திரிகைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாசி மாதம் ஒரு நாள் போனில் மெசேஜ் வந்தது. அதிவேகம். அளந்த வேகம் 91 கி.மீ., அனுமதித்த வேகம் 60, அபராதம் 1,000 ரூபாய். நடந்த இடம் கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் இடம். எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை. யாரையும் மாட்டிவிட இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

தொண்ணூற்றொன்று என்றதும் வீட்டில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். என் வண்டி 2009-இல் வாங்கியது. இரண்டு சிலிண்டர் டீசல். காலி வண்டியாக நேர் ரோட்டில் மிதித்தாலே 65-ஐத் தொடும்போது கதவு தனியாக ஆடும், கண்ணாடி தனியாக ஆடும். மெசேஜில் இருந்த தேதிக்கு என் பில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். நண்டு 310 கிலோ, கணவாய் 85 கிலோ, ஐஸ் ஆறு பார். இவ்வளவையும் சுமந்துகொண்டு என் வண்டி 91 கி.மீ. போக வேண்டுமென்றால் பாம்பன் பாலத்து உச்சியிலிருந்து கீழே தள்ளித்தான் விட வேண்டும்.

மகளை விட்டு இணையத்தில் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். நடுவில் என் வண்டி, நம்பர் பிளேட் தெளிவாக இருந்தது. படத்தின் இடது ஓரத்தில் ஒரு வெள்ளைக் காரின் முன்பாதி. எதிரே நின்று எடுத்த படம் என்பதால், அது எனக்கு வலப்பக்கம். அதாவது என்னை முந்திக் கடந்துகொண்டிருந்த கார். அதன் பம்பரும் ஒரு சக்கரமும் படத்துக்குள் இருக்கின்றன, நம்பர் வெளியே. 91 என்பது யாருடைய வேகம் என்று படம் சொல்லவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, உங்களுக்கும் அதே சந்தேகம்தான் வரும்.

சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று போனேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார், உட்காரச் சொன்னார். கையோடு இரண்டு காகிதம் கொண்டுபோயிருந்தேன். ஐஸ் கம்பெனியில் கிளம்பிய நேரம் ஒன்று, தூத்துக்குடி கேட்டில் நுழைந்த நேரம் இன்னொன்று. கணக்குப் போட்டால் சராசரி 41 கி.மீ. அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, நடுவுல டீக்கடையில படுத்துத் தூங்கிட்டு, மிச்ச நேரம் தொண்ணூறுல போயிருந்தாலும் இதே சராசரிதான் வரும்." அது நியாயம்தான், மறுக்க முடியவில்லை. அடுத்து அவர், "உங்க வண்டி மீட்டர் என்ன காட்டுச்சு?" என்றார். என் ஸ்பீடோமீட்டர் முள் இரண்டு வருஷமாகப் பூஜ்யத்தில் சாய்ந்து கிடக்கிறது. மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க மீட்டரே ஓடல, எங்க மீட்டரக் கேக்குறீங்க" என்றார். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சே மனசில் ஓடியது. என் மீட்டரை நம்பி யாருக்கும் அபராதம் போடுவதில்லையே. யாருடைய மீட்டரை நம்பி ஊரார் பணம் கைமாறுகிறதோ, அதைத்தானே கேட்க வேண்டும்?

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருப்பதாக நினைக்கிறேன். என் பிழைப்பே ஒரு மீட்டரை நம்பித்தான் நடக்கிறது.

வாடியில் இருப்பது எலெக்ட்ரானிக் தராசு. வருஷத்துக்கு ஒரு தடவை அதற்கு முத்திரை போட்டாக வேண்டும். தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வாளர் வருவார். 20 கிலோ முத்திரைக் கல்லைத் தட்டின் நடுவில் வைப்பார், பார்ப்பார். பிறகு அதே கல்லை நான்கு மூலைக்கும் ஒவ்வொன்றாக நகர்த்துவார். எந்த மூலையில் வைத்தாலும் அதே எண் வர வேண்டும். உப்புக்காற்றில் உள்ளே துருப்பிடித்திருந்தால் ஏதாவது ஒரு மூலை காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் கம்பியில் ஈயக் குண்டைக் கோத்துக் குறடால் ஓர் அழுத்து. அதில் வருஷமும், ஏ, பி, சி, டி என்று எந்தக் காலாண்டு என்ற எழுத்தும் பதியும். சான்றிதழை ஆள் பார்க்கும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். முத்திரை இல்லாத தராசில் வியாபாரம் செய்தால், 2009-ஆம் வருஷத்து எடையளவுச் சட்டத்தில் அபராதம் 2,000 ரூபாயில் தொடங்கி 10,000 வரை போகும் என்று எழுதியிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பெரியவர் இருக்கிறார். நண்டு வலைக்காரர். பையில் ஓர் இரும்பு எடைக்கல்லைப் போட்டுக்கொண்டுதான் வாடிக்கு வருவார். முதலில் கல்லைத் தட்டில் வைப்பார். சிவப்பு எழுத்தில் 1.000 என்று நிற்கும் வரை கண் எடுக்க மாட்டார். பிறகுதான், "சரி, நண்டக் கொட்டு." என் முத்திரையை நம்பவில்லையா என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. கோபப்பட்டிருந்தால் அவர் நண்டு அடுத்த வாடிக்குப் போயிருக்கும்.

அந்த இரும்புக் கல் மாதிரி ஒன்று போலீஸ் கருவிக்கும் உண்டு என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. மகள் இயற்பியல் படிக்கிறாள், அவள் சொன்னாள்.

ரேடார் கன் வேலை செய்வது இப்படியாம். ஹாரன் அடித்துக்கொண்டே வரும் பஸ் நம்மைத் தாண்டியதும் சத்தம் சட்டென்று தடித்துப் போகும் அல்லவா? கிட்டே வரும்போது கீச்சென்று இருக்கும், போகும்போது கம்மும். டாப்ளர் என்கிறவர் 1842-இல் சொன்ன தத்துவம் அது. ரேடார் கன் சத்தத்துக்குப் பதிலாக ரேடியோ அலையை அனுப்புகிறது, நொடிக்குச் சுமார் 2,400 கோடி அலை. வண்டியில் பட்டுத் திரும்பும்போது, மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு நொடிக்கு ஏறக்குறைய 45 அலை கூடிவிடும். 60-இல் வருகிற வண்டியென்றால் 2,700 கூடும். கருவி அந்த வித்தியாசத்தை எண்ணி வேகமாக மாற்றிக் காட்டுகிறது. இதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை, கணக்கு கணக்குத்தான்.

பள்ளிக்கூட லேபில் தட்டினால் ரீங்காரம் போடும் இசைக்கவை பார்த்திருப்பீர்கள். குறிப்பிட்ட அதிர்வெண் உள்ள ஒன்றைத் தட்டி ரேடார் கன்னுக்கு முன் பிடித்தால், அதற்கென்று விதித்த வேகத்தைக் கருவி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கருவியில் கோளாறு. அமெரிக்காவில் போலீஸ்காரர்கள் வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் இப்படித் தட்டிப் பார்த்துக் குறித்து வைப்பது பழைய வழக்கம். நம்ம பெரியவரின் இரும்புக் கல்லேதான் அது!

அந்த வழக்கம் அங்கே சும்மா இறுகிவிடவில்லை. 1979-இல் மியாமியில் தொலைக்காட்சிக்காரர்கள் போலீஸ் ரேடாரை வைத்துக்கொண்டு ஒரு வேடிக்கை காட்டினார்கள். பனை இனத்து மரம் ஒன்று மணிக்கு 86 மைல் வேகத்தில் ஓடுவதாகக் கருவி சொன்னது. நம் கணக்கில் 138 கி.மீ. ஒரு வீடு 28 மைல் வேகத்தில் போனது. அந்த வருஷமே அந்த ஊர் நீதிபதி ஒருவர், ரேடார் எண்ணைச் சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். கருவிகளுக்கான தரக்கட்டுப்பாடும் பரிசோதனையும் அதற்குப் பிறகுதான் அங்கே கெட்டிப்பட்டன. பனைக்குப் பேர் போன மாவட்டம் நம்முடையது. இங்கே அந்தக் கன்னைத் திருப்பினால் சாயல்குடி வரைக்கும் எத்தனை சலான் எழுத வேண்டியிருக்குமோ!

என் விஷயத்தில் கருவியே கெட்டுப்போயிருந்தது என்று நான் சொல்லவில்லை. நல்ல கருவியும் ஆளை மாற்றிக் காட்டும். ரேடார் கதிர் விரிந்துகொண்டே போவது. சாதாரணக் கன்னில் விரிவு 12 டிகிரி என்று வைத்தால், 300 மீட்டர் தூரத்தில் அது 60 மீட்டர் அகலத்துக்குப் பரவி நிற்கும். நம்ம இருவழி ரோட்டின் தார் அகலமே 7 மீட்டர்தான். ரோடு, இரண்டு பக்கத்து உடைமரம், மேய்கிற ஆடு எல்லாமே அந்தக் கதிருக்குள் அடங்கிவிடும். அத்தனையிலும் எதன் எதிரொலி பெரிதோ, அல்லது எது வேகமாக வருகிறதோ, அதைக் கருவி பிடித்துக்கொள்ளும். எண் யாருடையது என்று முடிவு செய்ய வேண்டியது கையில் பிடித்திருப்பவரின் கண்தான்.

லேசர் கன் வேறு மாதிரி. அதன் கதிர் 300 மீட்டரில் சுமார் ஒரு மீட்டர் அகலம்தான், அதனால் ஒரு வண்டியைக் குறி வைக்கலாம். நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் நூற்றுக்கணக்கான தடவை தூரத்தை அளந்து, தூரம் எப்படிக் குறைகிறது என்பதை வைத்து வேகம் சொல்கிறது. ஆனால் அந்த நேரத்துக்குள் கை நழுவிப் புள்ளி வண்டியின் பக்கவாட்டில் ஒரு மீட்டர் வழுக்கினால் போதும், கிட்டத்தட்ட 11 கி.மீ. கணக்கில் ஏறிவிடும். நல்ல கருவிகள் இதைக் கண்டுபிடித்து எண்ணையே காட்டாமல் விட்டுவிடும். மாட்டியது ரேடாரா லேசரா என்றுகூட என் சலானில் இல்லை. அதனால் எங்கே பிசகியது என்று வீட்டில் நாங்கள் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் 167-ஏ என்று ஒரு விதி சேர்த்தார்கள். மின்னணுக் கருவியால் கண்காணிக்க வேண்டுமானால், அந்தக் கருவிக்கு அங்கீகாரச் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், கருவி இருக்கிறது என்று ரோட்டில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். எனக்கு மெசேஜ் வந்தது 23-ஆம் நாள். பில் புத்தகம் எழுதுகிற பழக்கம் இல்லையென்றால், அன்றைக்கு நான் ரோட்டில் இருந்தேனா வீட்டில் இருந்தேனா என்றே எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அப்புறம், எடையளவு விதிகளிலேயே வாகன வேகம் அளக்கும் ரேடார் கருவியையும் சேர்த்துவிட்டார்கள். 2025 ஜூலை 1 முதல் அதற்கும் என் தராசு மாதிரியே சரிபார்ப்பும் முத்திரையும் வேண்டும். இதைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். முத்திரை விஷயத்தில் வாடிக்காரனும் காக்கிச் சட்டையும் ஒரே வரிசையில் நிற்கிறோம்.

கதை இதோடு முடியவில்லை. சவூதியில் இருக்கும் என் தங்கச்சி மகன் லீவில் வந்திருந்தான். அங்கே 2010-இல் வந்த சாஹிர் என்ற வேகக் கேமராவில் அடிபட்டு அடிபட்டு இந்த விஷயத்தில் அவன் ஒரு வக்கீல் மாதிரி. "மாமா, இதுக்கெல்லாம் ஏன் அலையறீங்க" என்று சோப்பு டப்பா சைஸில் ஒரு பெட்டியை எடுத்து நீட்டினான். ரேடார் டிடெக்டர். போலீஸ் கன்னின் அலை பட்டால் கத்துமாம். சரி, பார்ப்போம் என்று வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இருவரும் இராமநாதபுரம் போனோம். உச்சிப்புளி வரை சத்தமில்லை. பெரிய ஜவுளிக்கடை வாசலில் நிறுத்தியதும் கீச் கீச்சென்று ஆரம்பித்தது. சுற்றுமுற்றும் பார்த்தால் ஒரு போலீஸ்கூட இல்லை. ஆள் வந்தால் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு ஒன்று இருந்தது. அந்தக் கதவின் மேலே இருக்கிற சென்சாரும் அதே மாதிரி அலையைத்தான் விடுகிறதாம். திரும்பி வரும்போது புத்தம்புது கார் ஒன்று பக்கத்தில் வந்தது, மறுபடியும் கத்தல். பக்கவாட்டில் வண்டி வந்தால் சொல்கிற ரேடார் இப்போது கார்களிலேயே வருகிறது. லேசர் கன் என்றால் இன்னும் மோசம். பெட்டி கத்துகிற நேரத்தில் உங்கள் வேகத்தை ஏற்கெனவே எழுதி முடித்திருப்பார்கள்.

பெட்டியை அவனிடமே கொடுத்துவிட்டேன். அது நூறில் பறக்கிறவன் போலீஸைக் கண்டதும் அறுபதுக்கு இறங்கிக்கொள்ள உதவும், அவ்வளவுதான். ஐம்பதில் போய் 91 வாங்கியவனுக்கு அதனால் ஒரு காசுக்குப் பிரயோஜனம் உண்டா?

வேகத்தைப் பிடிக்கவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். தனுஷ்கோடி பார்க்க வருகிற வெளியூர்க் கார்கள் மண்டபம் ரோட்டில் போகிற போக்கை இங்கே வந்து நின்று பார்க்க வேண்டும். விடிகாலை நாலரை மணிக்கு, உப்பள வேலைக்குச் சைக்கிளில் போன ஒருவரைக் கார் அடித்துப்போட்டுவிட்டுப் போயிருந்தது. என் வண்டியில் ஐஸ் பெட்டியை ஓரம் தள்ளி அவரைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பிழைத்தார், காலில் ஒன்று கட்டையாகிப் போனது. அடித்த கார் எதுவென்று கடைசி வரை தெரியவில்லை. அந்த ரோட்டில் அன்றைக்கு ஒரு கேமரா இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். ரோட்டோரம் தள்ளி நின்று கோணத்தில் பிடித்தால் கருவி வேகத்தைக் குறைத்துத்தான் காட்டும். 20 டிகிரி கோணத்திலிருந்து பிடித்தால் 100-இல் போகிறவனுக்கு 94 என்று வரும். அந்த ஆறு கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்கு லாபம். அதனால் இந்தக் கருவிகள் எப்போதும் கூட்டித்தான் காட்டும் என்று டீக்கடையில் பேசுவது சரியில்லை.

கோர்ட்டுக்குப் போகலாம், வழி இருக்கிறது. ஆனால் ஒரு நாள் போனால் ஒரு லோடு போகும். நண்டு ஒரு நாள் தாங்காது, கம்பெனிக்காரன் விலையைப் பாதியாக்குவான். 1,000 ரூபாயைக் கட்டிவிட்டுப் போவது லாபம் என்றுதான் என்னைப் போன்ற எல்லாரும் கட்டுகிறார்கள். கட்டியவன் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகக் கணக்கு ஏறுகிறது. கருவியைப் பற்றி ஒரு கேள்வியும் எழுவதில்லை.

நான் கேட்பது சலானில் இரண்டு வரி. கருவியின் எண் ஒன்று, அதற்குக் கடைசியாக முத்திரை போட்ட தேதி ஒன்று. என் வாடிச் சுவரில் தொங்குகிற காகிதத்தில் இருப்பவைதான் இரண்டும். கூடவே, படத்தில் இரண்டு வண்டி இருந்தால் அதை அனுப்பாமல் ஓரமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இடித்து மோதி ஓடுகிறவர்களின் படம் நிறையக் கிடைக்கும், இந்த ஒரு படத்தால் அரசாங்கம் ஏழையாகிவிடாது.

இன்னும் பணம் கட்டவில்லை. என்ன செய்வதென்று மகளும் மனைவியும் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். கடிதத்தைப் போட்டால் என் பெயரைப் போட வேண்டாம், தினமும் அந்த வழியாகத்தான் போய்வர வேண்டும். ஸ்பீடோமீட்டர் கேபிளைப் போன வாரம் மாற்றிவிட்டேன், 180 ரூபாய் ஆனது. முள் ஓடுகிறது.

இப்படிக்கு,
நண்டு வியாபாரி ஒருவர்,
வேதாளை, இராமநாதபுரம் மாவட்டம்.